பன்னிரண்டு வீடுகள்

பணி ஓய்வு பெற்ற மறுவருஷமே எங்கள் சேகரத்தில் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். ஆபீசில் 32 வருஷம் கணக்குப் பார்த்தவன். காணிக்கைக்கு ஒன்று, அசனச் செலவுக்கு ஒன்று, சங்கப் பாக்கிக்கு ஒன்று எனத் தனித்தனி நோட்டுகள். ஒரு ரூபாய் இடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வருஷம் சபைத் தேர்தலுக்கு முன், பாக்கிப் பட்டியலோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில், பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் கட்டிலில் கிடந்தார். அவரை ஆராதனையில் காணோம் என்பதே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அவர் மனைவி சொன்னார்: "அவுக படுத்து பதினாலு மாசம் ஆச்சு அண்ணாச்சி. கோயில்ல இருந்து இன்னைக்குத்தான் ஆள் வந்திருக்கு. அதுவும் சங்கப் பாக்கிக்கு."

நோட்டைத் திறக்காமலே வீடு திரும்பினேன்.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் என்ன இல்லை? சேகரக் கமிட்டி, பெண்கள் ஐக்கியம், வாலிபர் சங்கம், ஓய்வுநாள் பள்ளி எல்லாம் உண்டு. ஆனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது, யார் விசுவாசம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது ஒருவர் பொறுப்பிலும் இல்லை. என் சின்ன வயதில் கிராமத்தில் உபதேசியார் அதைச் செய்தார். டவுனில் 400 குடும்பத்துக்கு ஒரே ஐயர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அப்போதுதான் ஜான் வெஸ்லியின் கதை நினைவுக்கு வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். அந்த வகையில் அவர் நமக்கும் முன்னோர். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அவர்கள் கட்டிய ஜெபவீட்டுக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது, சுமார் 12 பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வசூலிப்பது என்று முடிவானது. காசு கேட்டு வீட்டுக்குள் போனவர்கள், அந்த வீடுகளில் மனிதர்கள் வாழ்கிற நிலையைக் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். வசூலுக்கு வந்த ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது. நானும் வசூலுக்குத்தானே போனேன்!

ஐயரிடம் பேசி, சபைப் பதிவேட்டைத் தெருவாரியாகப் பிரித்தோம். பன்னிரண்டு பன்னிரண்டு வீடாக ஒரு குழு. வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடுவது. பிரசங்கம் கிடையாது. ஒரு வேதபகுதியை வாசித்து, அதில் இந்த வாரம் எதைச் செய்யப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் செய்தோமா என்பதையும் சொல்ல வேண்டும். நடத்துகிறவருக்குத் தேர்தலும் இல்லை, மாலையும் இல்லை.

எல்லாக் குழுவும் நிலைக்கவில்லை. சாப்பாட்டுப் போட்டியில் இரண்டு முடிந்தன, ஊர்வம்பில் ஒன்று. ஆனால் நாற்பது வருஷமாகக் கடைசி பெஞ்சில் வாய்திறக்காமல் இருந்த ஒருவர், எங்கள் குழுவில் முதன்முறையாகச் சத்தமாக ஜெபித்தார். பாகத் தகராறில் பேச்சை விட்டிருந்த தம்பி வீட்டுக்கு மறுவாரம் அவரே போனார். நாற்பது வருஷப் பிரசங்கங்களை அவரும் எங்களோடு உட்கார்ந்து கேட்டவர்தான். 'நீ என்ன செய்தாய்?' என்று அவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சீஷராக்குங்கள் என்பதுதான் ஆண்டவர் கட்டளை. கமிட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குக்கு அது வேண்டும். ஆனால் ஆளை உருவாக்குவது, பேர் சொல்லி விசாரிக்கக்கூடிய சின்ன வட்டம்தான்.

அந்த அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அவர் மனைவிதான் இப்போது எங்கள் குழுவை நடத்துகிறார். போன வாரம் இருமல் என்று நான் போகவில்லை. மறுநாள் காலையிலேயே கதவு தட்டும் சத்தம்.

"என்ன அண்ணாச்சி, நேத்து காணோம்?"