பாவூரும் சத்திரமும்

விடிவதற்கு முன்பே பாவூர்சத்திரம் காமராஜர் காய்கறிச் சந்தைக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாதி வியாபாரம் முடிந்துபோகும். சுற்றுப்பட்டி விவசாயிகள் தோட்டத்தில் பறித்த கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் சாக்கில் கட்டி மினி லாரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தக்காளிப் பெட்டிகள் தலைக்கு மேல் அடுக்கி நிற்கின்றன. சின்ன வெங்காயம், முருங்கைக்காய், பச்சைமிளகாய் என்று ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு குவியல். ஏலம் கூறும் குரல் நெல்லைத் தமிழ். எடையைப் பார்த்துக் கணக்குக் கேட்கும் குரல்களில் பல மலையாளம். ஓணம் நெருங்கினால் இங்கே கால் வைக்க இடமிருக்காது. புளியரை தாண்டிப் போகும் லாரிகளில் இந்தக் காய்கள் கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகின்றன.

பாவூர்சத்திரத்தில் கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, தென்காசிபோல் வானளாவும் கோபுரமும் இல்லை. அப்படியிருந்தும் சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் வந்து சேரும் இடமாக இது எப்படி ஆனது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன். குற்றாலத்துக்குப் போகும் கூட்டம் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடக்கும் இந்த வட்டாரத்துக்குள், தென்பாண்டிச் சீமையில் மனிதர்கள் குடியேறிய கதை முழுக்க இருக்கிறது.

கதையைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக் கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது சமவெளியில் சாரலும் காற்றும்தான் மிஞ்சும். ஆகவே மலையில் பெய்ததைப் பிடித்து ஊருக்குள் திருப்பினால்தான் பிழைப்பு. சிற்றாற்றின் குறுக்கே அணைக்கட்டுகளைக் கட்டி, கால் வெட்டி, ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்தார்கள். நிலத்தின் சாய்வை அறிந்து வெட்டிய வாய்க்கால்கள் இவை. குளம் வந்த இடத்தில் நன்செய் வந்தது. நன்செய் வந்த இடத்தில் ஊர் வந்தது. இந்தப் பக்கத்தில் மூத்த ஊர்கள் பெரும்பாலும் குளத்துக்கரை ஊர்களே.

பாவூர்சத்திரத்திலிருந்து சுரண்டை சாலையில் கொஞ்ச தூரம் போனால் கீழப்பாவூர். பதினாறு திருக்கரங்களோடு நரசிம்மர் வீற்றிருக்கும் கோயிலுக்காக வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஊருக்குச் சத்திரிய சிகாமணி நல்லூர் என்றொரு பெயரும் உண்டென்று கோயில் வரலாறு சொல்கிறது. நான் சந்நிதியில் கும்பிட்டுவிட்டுக் குளத்துக்கரைக்கு நடந்தேன். அங்கே மடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "இந்த வருசம் குளம் பெருகுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மேல மழை நல்லாத்தான் இருக்கு தம்பி. காலு தூர்ந்து கெடந்தா மழை பெஞ்சு என்ன செய்ய? தண்ணி வருத பாதைய நாம சுத்தமா வச்சாத்தான் அது நம்மகிட்ட வரும்" என்றார்.

கரையிலிருந்து இறங்கி மடைவாயைக் காட்டினார். கல்தூணின் நடுவே துளையில் அடைப்பு. அதை ஏற்றி இறக்கினால் வயலுக்குப் போகும் தண்ணீர் கூடும், குறையும். தூண் முழுக்கப் பழைய நீர்மட்டங்களின் கறை வரிவரியாகப் படிந்திருந்தது. எந்த வரி வரை நின்றால் கார் பயிர் தேறும், எது வரை நின்றால் அதையடுத்த பிசானப் பயிரும் சேர்ந்து விளையும் என்று விரல் வைத்துச் சொன்னார்.

தண்ணீரைப் பங்கு வைத்து வாழ வந்தவர்களுக்கு ஒழுங்கும் தேவைப்பட்டது. சிற்றாற்றுத் தண்ணீர் பாயும் மானூர் இங்கிருந்து கிழக்கே இருக்கிறது. அங்குள்ள அம்பலவாணசுவாமி கோயில் தூணில், கி.பி. 800-ஐ ஒட்டிய பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு உண்டு. பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட மானநிலைநல்லூர் என்ற பிரமதேயமாக அந்த ஊர் இருந்தபோது மகாசபை கூடி எழுதிக்கொண்ட விதிகள் அதில் இருக்கின்றன. சபையில் உட்கார நிலப்பங்கும் படிப்பும் நல்லொழுக்கமும் வேண்டும். சபையில் எதைச் சொன்னாலும் வேண்டுமென்றே மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம். குடவோலைக்குப் பேர்போன உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு இது நூறு வருடத்துக்கு மேல் மூத்தது. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அந்தச் சபையில் இடமில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வாய்க்கால் வெட்டியவர்கள் பேச அந்த மண்டபம் அன்று திறக்கவில்லை.

அடுத்த அலை மதுரையிலிருந்து வந்தது. மதுரை கைவிட்டுப் போனபின் தெற்கே ஒதுங்கிய பாண்டியர்கள் தென்காசியைத் தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். பராக்கிரம பாண்டியன் 1446-ல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். இந்தக் கோயிலைக் காத்து நடத்துகிறவர்கள் யாரானாலும் அவர்கள் காலில் தான் விழுவதாக அந்த அரசன் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். பிற்காலத்தில் சிதைந்து மொட்டையாக நின்ற ராஜகோபுரம், மக்கள் கூடி எடுத்த திருப்பணியால் 1990-ல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது.

நாயக்கர் காலத்தில் நாடு பாளையங்களாகப் பிரிந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊற்றுமலை, சொக்கம்பட்டி, சுரண்டை என்று பாளையங்கள் எழுந்தன. நெல்லைக்கும் மலைக்கணவாய்க்கும் இடையே வணிகர்களும் யாத்திரிகர்களும் மாட்டுவண்டிகளும் போய்வந்த வழியில், ஒரு பகல் நடைக்கு ஒரு சத்திரம் இருந்தது. திண்ணை, கிணறு, சமையலுக்கு இடம், மாடு கட்ட மரநிழல்; இவ்வளவு இருந்தால் வழிப்போக்கனின் இரவு கழிந்துவிடும். பாவூர்க் குளத்து நெல் ஒரு பக்கம், வழியில் நின்ற சத்திரம் மறு பக்கம். சத்திரத்தைச் சுற்றித் தீவனக்காரரும் பலசரக்குக் கடைக்காரரும் கொல்லரும் வந்து அமர, வழி ஊராயிற்று.

குளத்துத் தண்ணீர் ஏறாத செம்மண் மேட்டிலும் மனிதர்கள் குடியேறினார்கள். பெத்தநாடார்பட்டி, சிவநாடானூர் போன்ற பெயர்கள் புன்செய்க் குடியேற்றத்தின் தடம். பனையேறியும் கிணறு தோண்டியும் மண்ணை விளைநிலமாக்கிய உழைப்பு அது. கமலை இறைத்த அந்தக் கிணறுகளுக்கு ஒரு பெரிய மாற்றம் பின்னால் வந்தது. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் மின்மோட்டார்கள் பரவ, மானாவாரிக் காடு தோட்டமானது. நெல் விளைந்த பாவூரை விடக் காய்கறி விளைந்த மேடு பெரிதாக வளர்ந்தது.

விளைந்ததைக் கொண்டுபோக வழியும் தயாராக இருந்தது. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-லும், அங்கிருந்து செங்கோட்டை வரை 1903-லும் ரயில் வந்தது. 1904-ல் மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைந்தது. அம்பாசமுத்திரம், கடையம் சுற்றிவரும் தண்டவாளமும் ஆலங்குளம் வழியாக நேரே வரும் தார்ச்சாலையும் பாவூர்சத்திரத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. வழிப்போக்கனுக்குச் சோறு போட நின்ற இடம், லாரிகளுக்குச் சரக்கு ஏற்றும் இடமாக மாறியது இப்படித்தான். சந்தைக்கு வெளியே கிராமத்துத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் கூலியும் இந்தக் கடைத்தெருவை நடத்துகிறது. அந்தக் கணக்கை விட்டுவிட்டு இந்த ஊரின் வரலாற்றை எழுத முடியாது.

சந்தைக்குத் திரும்பியபோது ஒரு விவசாயியிடம் குளத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் தோட்டத்துக்குக் குளத்துப் பாய்ச்சல் கிடையாது. ஆனாலும், "குளம் நெறஞ்சாத்தான் எங்க கெணத்துல ஊத்து வரும். குளம் காஞ்ச வருசம் தக்காளி கெடையாது" என்றார். சந்தையும் லாரியும் மோட்டாரும் நேற்று வந்தவை. அவற்றைத் தாங்கி நிற்பது பழங்காலத்துக் குளம். அந்தக் குளத்தில் சீமைக்கருவேலம் மண்டினாலும், வரத்துக்காலை ஆக்கிரமித்தாலும், கடைசியில் காலியாவது இந்தக் கடைகள்தான்.

நம் சிற்றூர்களின் வரலாற்றை அரசர்களின் பட்டியலாகப் படித்துப் பழகிவிட்டோம். குளத்தைக் கட்டியவன் பெயர் தொலைந்த ஊர்கள் உண்டு. குளத்தைப் பராமரிக்காமல் பிழைத்த ஊர் இந்தச் சீமையில் இல்லை. இங்குள்ள பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றும் தன் ஊரின் குளம், கால், மடை, கிணறு, பழைய வழி ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே வரைபடமாக்கி வைக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவும் வேண்டும். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, பாவூர்சத்திரத்தில் இறங்கி, சந்தையைப் பார்த்துவிட்டுக் கீழப்பாவூர்க் குளத்துக்கரை வரை நடந்து வரலாம். தலையில் விழும் அந்த அருவித் தண்ணீர் கீழே எத்தனை வீட்டுக்குச் சோறாகிறது என்பது அங்கேதான் தெரியும். மண்வெட்டியோடு மடையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தான் இந்த ஊர்களை இன்னும் நடத்துகிறார்கள். காத்து நடத்துகிறவர்களின் காலில் விழுவதாகப் பாண்டியன் சொன்னது கோயிலுக்கு மட்டுமல்ல, குளத்துக்கும் பொருந்தும்.