மல்லாட்டைச் சாறும் கோலா உருண்டையும்

தீபாவளி முடிஞ்ச மூணாம் நாள். மழை விட்டு விட்டுப் பெஞ்சுக்கிட்டு இருந்தது. சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் பெரிய மகன் காலையிலேயே வண்டியை எடுத்துக்கிட்டு பெண்ணாடம் போனான். ஒரு கிலோ ஆட்டுக்கறியை எலும்பில்லாமல் கைமாவாகக் கொத்தி வாங்கிட்டு வந்து, "இன்னைக்கு ராத்திரி சமையல் என்னோடது"ன்னு சொல்லிட்டான். என் வீட்டுக்காரி சிரிச்சுக்கிட்டே மிளகாய் டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கல்யாணம் ஆகி 27 வருஷத்தில் நான் அடுப்புப் பக்கம் போனது வெந்நீர் வைக்கத்தான்.

அவன் சமைக்க நினைச்சது ஆயாவுக்காக. எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். என் அம்மாவுக்கு வயசு 78. ரெண்டு வருஷமாகக் கறி சாப்பிடுவது கிடையாது. கேட்டால், "ஆசை விட்டுப்போச்சுடா"ன்னு சொல்லும். எனக்கும் அது விரதம் மாதிரி ஏதோன்னுதான் தோணுச்சு. உண்மை வேற. வாயில் பல் இல்லை. விருத்தாசலத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பல்செட்டு கட்டினோம். ஈறில் குத்துதுன்னு ஒரு வாரத்தில் கழட்டி வெத்தலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டது. நாலு பேர் நடுவில் உக்காந்து, மெல்ல முடியாமல் கறியை வெளியே எடுத்து வைக்கக் கூச்சப்பட்டுத்தான் "ஆசை இல்லை"ங்கிறதை ஆரம்பிச்சிருக்கு. இதை ரெண்டு வருஷமாக் கூடவே இருக்கிற நான் கண்டுபிடிக்கலை. வந்த அஞ்சாம் நாளே அவன் கண்டுபிடிச்சான்.

கோலா உருண்டை எங்க ஊர்ப் பலகாரம் கிடையாது. அது செட்டிநாடு, மதுரைப் பக்கத்து சமாச்சாரம். மதுரையில் வாக்கப்பட்ட என் மச்சினிச்சி செஞ்சு காட்டித்தான் எங்க வீட்டுக்குத் தெரியும். கைமாவை மஞ்சத்தூள், உப்பு போட்டுத் தண்ணி சுண்ட வேகவைக்கணும். சின்ன வெங்காயம், சோம்பு, பட்டை, கிராம்பு, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், தேங்காய் எல்லாத்தையும் வதக்கி, கறியோடு சேர்த்து கெட்டியாக அரைச்சு, பொட்டுக்கடலை மாவு போட்டு எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி எண்ணெயில் பொரிக்கணும். மச்சினிச்சி கணக்கில் ஒரு கரண்டி கசகசாவும் உண்டு. பையன் அதைப் பார்த்ததும், "சிங்கப்பூர்ல இதுக்குத் தடை, தெரியுமா? ஊறுகாய்ப் பாட்டிலோட இதையும் கட்டிக் குடுத்துடாதீங்க"ன்னான். அபினிச் செடியோட விதைதானே கசகசா. அந்த ஊர்ச் சட்டம் அப்படி. எங்க வீட்டில் அது பிள்ளை தூங்குறதுக்கு அரைச்சுக் கொடுத்த சாமான்.

முதல் ஈடு எண்ணெயில் போட்டதும் ரெண்டு உருண்டை பிரிஞ்சு கடலில் கரைச்ச மாதிரி ஆயிட்டுது. மச்சினிச்சிக்குப் போன் போட்டோம். கறியில் ஈரம் இருக்கு, இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு போடுங்கன்னாங்க. அவங்க மாமியார் காலத்தில் உருண்டை உடையாமல் இருக்க ஒவ்வொண்ணையும் வாழைநாரால் கட்டித்தான் பொரிப்பாங்களாம். அந்தப் பொறுமை எங்களுக்கு இல்லை. மாவு போட்டதும் நின்னுடுச்சு.

ஆனால் பொரிச்ச உருண்டையோட மேல்தோல் மொறுமொறுன்னு இருக்கும். பல் இருக்கிறவனுக்கு அதுதான் ருசி, இல்லாதவங்களுக்கு அதுவே தொந்தரவு. இங்கதான் பையன் வேற ஒரு யோசனை வச்சிருந்தான். சிங்கப்பூரில் லாவ் பா சாட்னு ஒரு பழைய சந்தைக் கட்டடம் இருக்கு. சாயங்காலமானா அதை ஒட்டின தெருவையே மறிச்சு மேசை போட்டு, குச்சியில் குத்தின கறியைக் கரி நெருப்பில் வாட்டி விப்பாங்க. சத்தேன்னு பேர். அதுக்குத் தொட்டுக்க வேர்க்கடலையில் ஒரு சாறு. சம்பளம் வந்த வாரத்தில் இவங்க நாலு பேர் சேர்ந்து போவாங்களாம். "கறியை விட அந்தச் சாறுதாம்ப்பா. அதுல ஊறுனா எந்த உருண்டையும் பஞ்சாயிடும்"னான்.

சரி, வேர்க்கடலை வேணும். இங்கதான் வீட்டில் சண்டை வந்தது.

நாங்க அதை வேர்க்கடலைன்னு சொல்ல மாட்டோம். மல்லாட்டை. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலான்னு எழுதுவாங்க. மணிலாக்கொட்டைதான் வாயில் தேய்ஞ்சு மல்லாட்டை ஆச்சு. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவேதான். செடி பிறந்தது தென் அமெரிக்காவில். ஸ்பெயின்காரன் கப்பலில் மணிலா வந்து, அங்கிருந்து நம்ம பக்கம் வந்த வழி இந்தப் பேரில் ஒட்டிக்கிட்டு இருக்கு. வந்த பயிர் எங்க தென்னார்க்காட்டுச் செம்மண்ணைப் பிடிச்சுக்கிச்சு. 19ஆம் நூற்றாண்டில் இங்க விளைஞ்ச மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியா பிரான்சுல மார்சேய் பட்டணத்துக்குப் போய் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆச்சு. 1879ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் போட்டதும் மூட்டை போறது சுலபமாச்சு. மாட்டுவண்டியில் மூட்டை ஏத்தின எங்க பாட்டன் பூட்டன் யாருக்கும் அது எங்க போகுதுன்னு தெரிஞ்சிருக்காது.

இப்போ எங்க வீட்டில் இருந்த மல்லாட்டை மூணே மூட்டை. ஆனி கடைசியில் மானாவாரியா விதைச்சு புரட்டாசி கடைசியில் பறிச்சதில், வித்தது போக, மார்கழிப் பட்டத்துக்கு விதைக்குன்னு அம்மா காய் காயாகப் பொறுக்கி எடுத்து வச்சது. ஒரு காணிக் கொல்லைக்கு ஆகும். விதையைக் காயாகத்தான் வைக்கணும். விதைக்கிறதுக்கு முன்னால்தான் கையால் உடைக்கணும், மெஷினில் உடைச்சா முளைக்கிற மூக்கு அடிபட்டுப் போகும். பையனுக்கு இதெல்லாம் மறந்தே போச்சு. மூட்டையைப் பிரிச்சு ஒரு முறம் காயை அள்ளி உடைக்க உக்காந்துட்டான்.

அம்மா பார்த்துட்டு, "விதையில கை வைக்கிறியாடா?"ன்னு கேட்டுச்சு. கத்தலை. அதுதான் எங்க எல்லாருக்கும் கஷ்டமா இருந்தது.

பையன் எழுந்து, "கடையில வாங்கிட்டு வந்துடறேன் ஆயா"ன்னான். வெளியே மழை. அதோட கடைப் பருப்பை அம்மா நம்பாது. மழைக்காலத்தில் சரியாக் காயாத மல்லாட்டையில் பச்சையும் மஞ்சளுமாப் பூசணம் பிடிக்கும், அது விஷம். 1960ல் இங்கிலாந்தில் வான்கோழி ஒரு லட்சத்துக்கு மேல செத்து விழுந்து, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அப்புறம்தான் அஃப்லடாக்சின்னு அதுக்குப் பேர் வச்சாங்க. அம்மாவுக்குப் பேர் தெரியாது. ஆனா ஒரு பருப்பு நிறம் மாறியிருந்தாலும் பொறுக்கித் தூக்கிப் போட்டுடும்.

இந்தச் சண்டைக்கு அடியில் இன்னொண்ணு இருந்தது. முந்தின நாள்தான் பையன் என்கிட்ட, "கொல்லையில தைலமரம் நட்டுட்டு சும்மா இருங்கப்பா. மல்லாட்டைக்கு ஆள் கூலி, காட்டுப்பன்னி, எல்லாம் எதுக்கு?"ன்னு கேட்டான். எங்க பக்கம் எத்தனையோ கொல்லை அப்படித்தான் தைலமரமாப் போச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. தூங்கலையும். பறிக்க ஆள் இல்லைங்கிறது நிஜம். பறிச்சுக் காய் ஆய ஆள் இல்லைங்கிறது அதை விட நிஜம். திண்ணையில் படுத்திருந்த அம்மா அதைக் கேட்டிருக்கும்போல.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அம்மாவே முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கிச்சு. "எதுக்குடா வேணும்?"

"உனக்குத்தான் ஆயா."

"எவ்வளவு?"

"அரைக் கிலோ பருப்பு."

அதுவே உடைச்சுக் கொடுத்துச்சு. நல்லவேளை, விதை நேர்த்திக்கு மருந்து இன்னும் கலக்கலை. கலந்திருந்தா ஒரு பருப்புகூட வாயில் வைக்கக் கூடாது.

சாறு செய்யறது கஷ்டம் இல்லை, நின்னு கிண்டணும் அவ்வளவுதான். பருப்பை இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்து, தோலைக் கசக்கிப் புடைச்சு, உரலில் கொரகொரன்னு இடிச்சான். மிக்சியில் போட்டா வெண்ணெய் மாதிரி ஆயிடும், பல்லில்லாட்டியும் நாக்குக்கு அந்தக் கொரகொரப்பு வேணும்னான். ஊறவச்ச காஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி அரைச்ச விழுது. அதில் லெங்குவாஸ்னு ஒரு கிழங்கு போடணுமாம். அவன் படத்தைக் காட்டினான். பார்த்தா நம்ம பேரரத்தை! வீட்டில் அது இல்லை. அம்மா இருமலுக்கு வச்சிருந்த சித்தரத்தை ஒரு துண்டு இருந்தது. அதைத் தட்டிப் போட்டோம். எலுமிச்சைப்புல் கிடைக்கலை, விட்டுட்டோம். விழுதை எங்க செக்கெண்ணெயில், அதாவது மல்லாட்டை எண்ணெயிலேயே, எண்ணெய் பிரியற வரைக்கும் வதக்கி, புளிக்கரைசல், பனைவெல்லம், உப்பு, இடிச்ச பருப்பு, ரெண்டு டம்ளர் தண்ணி, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். அடி பிடிக்காமல் கிண்டிக்கிட்டே இருந்தா அரை மணியில் மேலே சிவப்பா எண்ணெய் மிதக்கும். வாசனை தெரு முனைக்குப் போயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க குடையோட வந்து எட்டிப் பார்த்தாங்க.

நான் கொஞ்சம் எடுத்து நக்கிப் பார்த்தேன். முதலில் சட்னிதானேன்னு தோணுச்சு. அப்புறம் புளிப்பு, அப்புறம் இனிப்பு, எல்லாம் போன பிறகு காரம். சட்னி இல்லை. இத்தனை வருஷமா அவிச்சுத் தின்னோம், வறுத்துத் தின்னோம், உருண்டை பிடிச்சோம், எண்ணெய் ஆட்டினோம், மிச்சத்தை மூட்டையா வித்தோம். ஒரு குழம்பா வைக்கத் தோணலை எனக்கு.

பொரிச்ச உருண்டைகளைச் சாறில் போட்டு மூடி ஒரு மணி நேரம் வச்சான். அந்த ஊரில் இதுக்குத் தென்னங்கீத்தில் பின்னி அவிச்ச சோத்துக்கட்டி வச்சுக்குவாங்களாம், கெத்துப்பாட்டுன்னு பேர். நாங்க இட்லி அவிச்சோம்.

கரண்ட் போயிருந்தது. சார்ஜ் லைட் வெளிச்சத்தில் எல்லாரும் கூடத்தில் உக்காந்தோம். அம்மா வழக்கம்போல, "எனக்கு ரசம் போதும்"னு தட்டை ஒதுக்கிச்சு. பையன் ஒண்ணும் சொல்லாமல் ஒரு உருண்டையை வச்சு, விரலால் லேசா அமுக்கிக் காட்டினான். இட்லி மாதிரி உடைஞ்சுது. உள்ள வரைக்கும் சாறு இறங்கியிருந்தது.

அம்மா என்னைப் பார்த்துச்சு. நான் தலையைக் குனிஞ்சு என் தட்டில் வேலையா இருந்தேன். பார்த்தா கூச்சப்படும்.

ஒண்ணு போச்சு. ரெண்டாவது போச்சு. மூணாவதை வாயில் ஒதுக்கி வச்சுக்கிட்டு, "கறி நல்ல கறியா இருக்கே. எந்தக் கடை?"ன்னு கேட்டுச்சு. என் வீட்டுக்காரி எழுந்து உள்ளே போயிட்டாள், தண்ணி எடுக்கப் போற மாதிரி. மொத்தம் நாலு உருண்டை, மூணு இட்லி. கடைசியில் சாறை மட்டும் வழிச்சுத் தின்னுட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி"ன்னு சொல்லுச்சு. மாமியார் குறை சொன்னா முகம் சுளிக்கிற என் வீட்டுக்காரி அன்னைக்கு, "ஆமாங்க அத்தை"ன்னாள்.

கை கழுவிட்டு வந்து அம்மா கணக்குப் போட்டுச்சு. அரைக் கிலோ பருப்புன்னா ஆயிரத்து இருநூறு பருப்பு தேறும். "ஆயிரத்து இருநூறு செடியைத் தின்னுருக்கோம்டா, ஒரே ராத்திரியில."

பையன் அதுக்கு ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில் என்கூடக் கொல்லைக்கு வந்தான். ஈரமண்ணில் செருப்பைக் கழட்டி வச்சுட்டு நடந்தான். பன்னி பறிச்ச பள்ளத்தைக் காட்டினேன். சோலார் வேலி என்ன விலை ஆகும்னு கேட்டான். தெரிஞ்சதைச் சொன்னேன். தைலமரத்தைப் பத்தி அவனும் பேசலை, நானும் பேசலை. ஆய ஆள் எங்கிருந்து வரும்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவன் கிளம்பற அன்னைக்கு, திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்து நிக்குது. அம்மா ஒரு துணிப்பையைக் கொண்டாந்து கொடுத்துச்சு. ரெண்டு படி பருப்பு, வறுத்து, தோல் புடைச்சது.

"விதையில இருந்தா ஆயா?"

"வேற ஏது வீட்டுல?"

மார்கழி பொறந்ததும் ஏர் ஓட்டணும். அம்மா தினம் மத்தியானம் முறத்தோட உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா உடைக்க ஆரம்பிச்சிருக்கு. நாப்பதாம் நாள் போட ஜிப்சத்துக்குச் சொல்லி வச்சுட்டேன். ஒரு காணிக்கு விதை கொஞ்சம் குறையும். வடக்கு ஓரத்தில் நாலு சால் காராமணி போட்டுக்கலாம்னு அம்மா சொல்லியிருக்கு.