ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காமிராவுடன்

தலைநகர்வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கிய இவ்வங்காடிக்கு, முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் கடல்மீனும் தேடி நம்மவர் நெடுந்தொலைவிலிருந்தும் வருகின்றனர். எதிர்ப்புறத்தில் 1994-ஆம் ஆண்டில் தில்லி ஹாட் திறக்கப்பெற்றது; 2010-இல் மெட்ரோ ரயிலும் வந்தது. ஆயினும் மார்க்கெட்டினுள் நுழைந்தால், கூரையின் கீழ்க் குறுகிய சந்துகளே. நண்பகலிலும் அங்கே விளக்கொளிதான்.

நம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரின் சந்தை தெரியாது. அவர்கள் அறிந்த சந்தை இதுவே. அவர்கள் வளர்ந்தபின் காட்டவும், ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பவும் இவ்விடத்தின் நல்ல படங்கள் நம் இல்லங்களில் இருத்தல் வேண்டும். மங்கிய ஒளியில் படமெடுக்க எத்தகைய காமிரா தேவை என்று அன்பர்கள் சிலர் வினவுகின்றனர்.

விலையுயர்ந்த காமிராவைக் காட்டிலும் ஒளியை மிகுதியாக உள்ளே விடும் லென்ஸே முதலில் வேண்டுவது. காமிராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸை நீட்டிப் பிடித்தால், அதன் துவார அளவு பெரும்பாலும் எஃப் 5.6 ஆகிவிடும். எஃப் 1.8 லென்ஸோ அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை ஏற்கும். சந்துகளில் பின்வாங்க இடமில்லை. ஆதலின் சிறிய சென்சார் உள்ள காமிராவுக்கு 50 மில்லிமீட்டரைவிட 35 மில்லிமீட்டர் லென்ஸ் வசதியானது. சாந்தினி சௌக்கை அடுத்த குச்சா சௌத்ரி புகைப்படக் கடைகளில் பழைய காமிராக்களும் கிடைக்கின்றன. பழைய உடலும் நல்ல லென்ஸும் வாங்குவதே நடுத்தரக் குடும்பத்தாருக்கு உகந்தது.

கைபேசியே போதாதா எனலாம். இரவுப் படத்திற்கென அதிலுள்ள ஏற்பாடு, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத காய்கறிக் குவியலுக்கு அது நன்று. நிறுத்துப் போடும் கை மட்டும் கலங்கிவிடும்.

இனிப் பயிற்சி. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுடையது; ஆகவே விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/100 வினாடியில் வைத்தால் படத்தில் கரும்பட்டைகள் விழுவது பெரும்பாலும் தவிரும். துவாரத்தை முழுதும் திறந்து, ஐ.எஸ்.ஓ. அளவை 1600 அல்லது 3200-க்கு உயர்த்தலாம். மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும், அஞ்ச வேண்டா. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தூணில் சாய்ந்து நின்று, மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றேனும் தெளிவாக அமையும். தொங்கும் விளக்கு படத்தினுள் வந்தால் காமிரா ஏமாந்து முகத்தை இருளாக்கும்; விளக்கை விலக்கி, அதன் ஒளி விழும் முகத்தையே நாடுக. ஒரு கடையில் மஞ்சள் ஒளியும் அடுத்ததில் வெண்ணொளியும் இருப்பதால், கடைதோறும் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

பிளாஷ் மட்டும் வேண்டா. ஈர மீனில் அது வெண்திட்டாகப் படியும். அதனினும் முக்கியம், கூரிய கத்தியால் மீன் வெட்டுபவரின் கண்கள் கூசினால் அவர் விரலுக்கே கேடு. அவரிடம் முன்னதாக இசைவு கேட்பதும் நம் கடமை.

மங்கிய ஒளியில் எடுத்த படம் சிறிது கலங்கினால் வருந்த வேண்டுவதில்லை. 1948 ஜனவரி 30 இரவு, பிர்லா மாளிகை வாயிலில் காந்தியடிகளின் மறைவை நேரு அறிவித்ததை ஆன்றி கார்த்தியே-பிரெசோன் படமாக்கினார். கூர்மையற்ற படமே அது. ஆயினும் அவ்விரவின் துயரம் அதில் நிலைத்துவிட்டது. அம்மாளிகை இம்மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே காந்தி ஸ்மிருதியாக விளங்குகிறது.

கூட்டம் குறைந்த வாரநாள் ஒன்றில் பிள்ளைகளுடன் சென்று பழகுக. நல்ல படத்தை அச்சிட்டுப் பின்புறத்தில் நாளும் இடமும் எழுதி வைப்போம்; ஒரு பிரதியைக் கடைக்காரருக்கும் கொடுப்போம். ஆண்டுக்கணக்காக நம் அடுப்பெரியக் கறிகாய் தந்தவர் அவரன்றோ!