வாப்பாவின் இரண்டு பிரதிகள்

"நீ அங்க என்னத்த மகள் படிப்பிக்கிற?" என்று உம்மா கேட்கும்போதெல்லாம் தடுமாறுவேன். வைத்தியர், ஆசிரியை என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். என்னுடையது நம்பகத்தன்மைப் பொறியியல். ஓர் இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று மற்றவர்கள் ஆராய, அது எப்படியெல்லாம் பழுதாகும் என்று நாங்கள் ஆராய்கிறோம். "பழுதாகிறதப் படிக்கவா அவ்வளவு தூரம் போன?" என்பார் உம்மா.

2004 டிசம்பர் 26. சாய்ந்தமருதில் எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், நாங்கள் உயிர் தப்பினோம். வீடு தப்பவில்லை. வாப்பா மிகவும் கவனமான மனிதர். காணி உறுதியை அலுமாரியிலும், அதன் போட்டோக்கொப்பியைக் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியிலும் வைத்திருந்தார். இரண்டையும் ஒரே அலை கொண்டுபோயிற்று. அந்தக் காணி எங்களுடையதுதான் என்று காட்ட அவர் அலுவலகம் அலுவலகமாக இரண்டு வருடம் அலைந்தார். பதிவுப் பிரதி எடுக்க உறுதி இலக்கம் கேட்டார்கள். அந்த இலக்கம் அந்த உறுதியில்தான் இருந்தது!

பேராதனையில் பொறியியல் முடித்து, கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக நோர்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகருக்குச் சென்றபோதுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பதை அறிந்தேன்: பொதுக் காரணப் பழுது. ஒரு நீர்ப்பம்பி 100 தடவையில் ஒரு தடவை இயங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பம்பிகள் இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கைவிடுவது 10,000இல் ஒரு தடவை. ஆனால் பழுதுகளில் பத்திலொன்று இரண்டையும் சேர்த்தே தாக்கும் காரணத்தால் வருமாயின், அது ஏறத்தாழ 1,000இல் ஒன்றாகிவிடும்.

2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானின் புகுஷிமாவில் நடந்ததும் இதுதான். பூமியதிர்ச்சியால் வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றதும், அணு உலைகளின் மின்பிறப்பாக்கிகள் ஒழுங்காகவே இயங்கத் தொடங்கின. தேவைக்கு மேலாகவும் இருந்தன. ஆனால் பெரும்பாலானவை நிலக்கீழ் அறைகளில். சுனாமி புகுந்தது. 6ஆம் உலைக்குரிய ஒன்று மட்டும், சற்று உயரத்தில் இருந்ததாலும் காற்றினால் குளிரூட்டப்பட்டதாலும், நிற்காமல் ஓடியது. 5ஆம் 6ஆம் உலைகள் தப்பியது அதனால்தான். அந்த அறிக்கையை வாசித்த இரவு எங்கள் அலுமாரியும் தகரப் பெட்டியும்தான் கண்முன் நின்றன.

என் வேலையில் பெரும்பகுதி பழைய பராமரிப்புப் பதிவேடுகளை வாசிப்பதுதான். காரணம் எழுதாமல் "இயங்கவில்லை" என்று மட்டும் எழுதிவைத்தவர்களை மனதுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

முதல் விரிவுரையில் வாப்பாவின் கதையைத்தான் உதாரணமாகச் சொன்னேன், அவரிடம் கேட்காமலே. அது உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற விடுமுறையில் அவரிடமே சொல்லிவிட்டேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. மனதைப் புண்படுத்திவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அப்ப ரெண்டாவத எங்க வெச்சிருக்கணும்?"

"கடல் வராத ஊர்ல, வாப்பா."

அடுத்த வாரமே புதிய உறுதியின் பிரதியுடன் பஸ் ஏறி மாத்தளையிலுள்ள சாச்சி வீட்டுக்குப் போனார். திரும்பி வந்த இரவு எனக்கு அழைப்பெடுத்தார்.

"மகள், அங்க மழைக்கு மலை சரியுதாமே?"

மூன்றாவது பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது.