நல்ல வருசம்

பாட்டிலை முதலில் பார்த்தது அம்மாதான். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கறிவேப்பிலைக் கவருக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தேன்.

"இன்னாடி இது?"

"ஒயின்மா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கதவைச் சாத்திவிட்டுப் போனவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மணலி புதுநகரில் அமைதி என்று ஒன்று கிடையாது. ராத்திரி முழுக்க கண்டெய்னர் லாரிகள் போகும். அந்த இரண்டு நாளும் வீட்டில் அந்தச் சத்தம் மட்டும்தான்.

2023இல் ஒரு கருத்தரங்குக்காகப் பாரிஸ் போயிருந்தேன். லா ஷப்பலில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி என்னை ஒரு சின்ன ஒயின் கடைக்குக் கூட்டிப்போனாள். கடையை நடத்துவது ஒரு பெண். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, லேபிளில் இருந்த ஆண்டைத்தான் முதலில் விரலால் காட்டினார். போர்தோ வட்டாரம், சான்-தெமிலியோன், 2015. தோழி மொழிபெயர்த்தாள்: "நல்ல வருசமெண்டு சொல்லுறா அக்கா. இப்பவும் குடிக்கலாமாம், பத்து வருசம் வைச்சும் குடிக்கலாமாம்."

அந்த ஆண்டு என்பது பழம் பறித்த ஆண்டு. அதே கொடி, அதே மண், அதே கைகள்தான். ஆனாலும் வானம் பார்த்து ஒவ்வொரு ஆண்டின் ஒயினும் வேறாகிவிடும். 2015இல் அங்கே ஜூனும் ஜூலையும் நல்ல வெயில். கொடி தவித்த நேரத்தில் ஆகஸ்டில் மழை. மெர்லோ திராட்சை அதிகம் விளையும் சான்-தெமிலியோனுக்கு அது கொண்டாட்ட ஆண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஜூலை கடைசி நாளில்தான் மார்த்தாண்டம் அருகே மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய சசிபெருமாள் இறந்தார். பெண்கள் கடைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டிசம்பரில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் புறநானூற்றுப் பிரதி ஊறி, உப்பி, வெயிலில் காயவைத்தும் மூட முடியாமல் போனது. யாருக்கு நல்ல வருசம் என்று கேட்க என் பிரெஞ்சு போதாது. 42 யூரோ கொடுத்து வாங்கினேன்.

ஏன் வாங்கினேன்? அதற்கும் புறநானூறுதான் காரணம். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஊற்றித்தரப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடுகிறார், 56ஆம் பாட்டில். இருபது வருடமாக நடத்துகிறேன். அந்த மகளிருக்கு ஒரு வாய் கிடைத்ததா என்று எந்தத் தேர்விலும் கேள்வி வந்ததில்லை. 235ஆம் பாட்டில் ஔவை அதியமானை நினைத்து அழும்போது முதலில் நினைவுக்கு வருவது கள்தான். கொஞ்சமாக இருந்தால் அவளுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் இவள் பாட, இருவரும் அருந்துவார்கள். வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் குனிந்துகொள்வார்கள். நானும் 'அக்காலத்தில் கள் உணவாக இருந்தது' என்று ஒரு வரி சொல்லித் தாண்டிவிடுவேன். அது உண்மைதான், ஆனாலும் ஔவைக்காக நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

ரோமில் அதே ஒயினை மனைவி தொட்டால் குற்றம். சாடியிலிருந்து குடித்த மனைவியை எக்னாதியஸ் மெசென்னியஸ் என்பவன் தடியால் அடித்தே கொன்றானாம், ரோமுலஸ் அவனை விடுவித்துவிட்டானாம். பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதே பிளினிதான், கி.மு. 121இன் ஒயின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்குப் பிறகும் தேன்போலக் கெட்டியாக மிஞ்சியிருப்பதை வியந்து சொல்கிறார்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. அவளுக்கு மது என்றால் அப்பா. சனிக்கிழமை கூலி வாங்கியதும் வீட்டுக்கு வராத அப்பா. வந்த பிறகு பூட்டிய கதவு. நாற்பத்தாறு வயதில் வீங்கிய வயிறு. நானும் அந்தக் கதவுக்குப் பின்னால் வளர்ந்தவள்தான். குடிப்பது விடுதலை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்பா குடித்தார் என்பதற்காக ஒரு சுவையைத் தெரிந்துகொள்ளும் ஆசையையும் சேர்த்து நான் புதைக்க வேண்டுமா? குடியைப் பற்றிய பேச்சில் நமக்கு இரண்டே இடம்தான்: அடி வாங்கியவள், கடைக்கு முன்னால் உட்கார்ந்தவள். இரண்டும் நானே. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் அம்மா விலை கேட்டாள். சொன்னேன்.

"மூவாயிரத்து எண்ணூறா? உங்கப்பன் ஒரு மாசம் குடிப்பான்டி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் பணிபுரியும் தோழிகள் இருவர் வந்தார்கள். தக்கை திருகும் கருவி வாங்கத் தோன்றவில்லை. மரை ஆணியையும் குறடையும் வைத்து இழுத்ததில் தக்கை பாதி உடைந்தது. காபி வடிகட்டியில் வடித்து, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினோம். கறுத்த நாவல்பழ நிறம். முதலில் நாக்கில் கடுக்காய்த் துவர்ப்பு. கொஞ்சம் பொறுத்தால் பழுத்த பழம், மழைக்கு முந்தைய மண் மாதிரி ஒரு வாசம். இரண்டாவது டம்ளரில் அது வேறாக இருந்தது.

அம்மா டீ டம்ளரோடு அதே அறையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் கத்தவில்லை. எட்டு மணிக்குத் தோழிகள் கிளம்பினார்கள். உடைந்த தக்கையைத் தலைகீழாகச் செருகி பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனேன். அம்மா அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கால்வாசிக்கு மேல் இருந்தது.

"இன்னாடி, மீதி வச்சிட்டீங்க?"