எண்ணெயும் நீரும்

சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் நல்லெண்ணெய் வாங்குவோர் அனைவரும் அறிந்தது, எண்ணெயும் நீரும் கலவா என்பது. நொதி ஆய்வாளரின் தொல்லையும் அதுவே. கொழுப்பைப் பகுக்கும் லைப்பேஸ் நீரில் வாழ்வது. அது பற்றவேண்டிய எண்ணெயோ நீரில் கரையாதது. அன்றியும், நீர் மிகுந்தவிடத்து அந்நொதி பிரிக்குமேயன்றி, நறுமண எஸ்டர்களை இணைத்துத் தராது. 1984-இல் சாக்ஸ், கிளிபனோவ் இருவரும் ஏறத்தாழ நீரற்ற கரிமத் திரவத்தில், 100 பாகை வெப்பத்திலும் லைப்பேஸ் தொழிற்படுவதைக் காட்டினர். வியப்புத்தான். ஆயினும் ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுவன. ஆவியாகி மூச்சிற் கலப்பன.

2003-இல் ஆபட் குழுவினர் கோலின் குளோரைடு ஒரு பங்கும் யூரியா இரு பங்குமாகச் சேர்த்தனர். திண்மங்கள் இரண்டும் கூடியதும் 12 பாகையிலேயே உருகும் நீர்மமாயின. யூரியா புரதத்தைக் குலைப்பதாயிற்றே, அதில் லைப்பேஸ் பிழைக்குமா? 2008-இல் வெளிவந்த ஆய்வில் பிழைத்தது! யூரியா ஹைட்ரஜன் பிணைப்புகளில் கட்டுண்டு கிடப்பதே காரணம் என்பர்.

உடனே பசுமைப் பட்டம் சூட்டிவிடலாமா? கோழித் தீவனத்திற் சேரும் எளிய பொருள்தான் கோலின் குளோரைடு. எனினும் அது எத்திலீன் ஆக்சைடிலிருந்து பிறப்பது. எத்திலீன் ஆக்சைடோ, ஜூரோங் தீவு போன்ற பெட்ரோலிய வேதித் தொழிற்களங்களின் விளைச்சல். பாகுபோல் தடித்த அக்கரைப்பானிலிருந்து விளைபொருளைப் பிரிக்க நீர்விட்டுக் கழுவுவதும் உண்டு. ஜொகூரிலிருந்து நீர் பெறும் நகரில் அதுவும் ஒரு செலவன்றோ?