முறையிடாத எஞ்சின்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் ஸ்பார்க் பிளக்கைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பெற்றோல் கிடைக்காத அந்நாட்களில் பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக்குகள் விரைவில் கரிபிடிக்கும். கழற்றி, அரத்தாளால் உரசி, மீண்டும் பூட்டவேண்டும். நான்கில் ஒன்று செத்தாலும் கார் குலுங்கிக் குலுங்கி ஊருக்கே அறிவித்துவிடும்.

ஆனால் எல்லா எஞ்சின்களும் இப்படி முறையிடுவதில்லை. மெல்பேணில் இருக்கும் என் தமக்கையின் மகன் பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-8 ஒன்றை ஆசையோடு வாங்கினான். அதில் இருப்பது ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோண வடிவச் சுழலி இரண்டு உள்ளே சுற்றுகின்றன. “மாமா, இழுவை கொஞ்சம் குறைஞ்சது, பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிச்சது, வேற ஒண்டுமில்லை” என்று தொலைபேசியில் சொன்னான். கராஜ் ஒன்றில் எஞ்சினே முடிந்துவிட்டது என்று கைவிரித்து, காரின் விலையை மிஞ்சும் தொகையைக் கேட்டிருக்கிறார்கள்.

இந்த எஞ்சினில் எரியறை நீண்டு, மெலிந்து, ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பொறியால் அதன் மூலைமுடுக்கெல்லாம் தீ பரவாது. ஆகவே ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு பிளக்குகள்: கீழே முன்னோடி, மேலே பின்தொடர்வது. 1991இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பியில் சுழலிக்கு மூன்று பிளக்குகள். பின்தொடரும் பிளக் செத்தாலும் முன்னோடி பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். கார் குலுங்காது, ஓட்டுபவருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் இந்தப் பிளக்குகளுக்கு வேலைப்பளு அதிகம். நான்கு அடிப்பு எஞ்சினில் தண்டு இரண்டு முறை சுழலும்போது ஒரு பொறி போதும். இங்கே சுழலிக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பொறி. உள்ளே வரும் குளிர்ந்த கலவை வேறு இடத்தில் நுழைவதால் பிளக் இருக்கும் பக்கத்துக்கு ஆறுதலே இல்லை. போதாததற்கு, சுழலியின் முனைகளிலுள்ள முத்திரைகள் தேயாதிருக்கச் சிறிது எண்ணெயை எஞ்சினே எரியறைக்குள் விடுகிறது. அது கோளாறல்ல, அமைப்பே அப்படி. கரி பிடிக்காமல் என்ன செய்யும்?

பொறி பலவீனமானால் எரியாத பெற்றோல் புகைபோக்கிக்குப் போகிறது. அங்கேயுள்ள வினையூக்கி மாற்றி அளவுமீறிச் சூடேறி, உருகி, அடைத்துக்கொள்கிறது. வெளியேற வழியில்லாத வெப்பம் எஞ்சினுக்குத் திரும்பி முத்திரைகளைத் தாக்குகிறது. ஒரு வயரின் விலையில் தொடங்கியது ஓர் எஞ்சினின் விலையில் முடிகிறது.

அவன் வேறொரு மெக்கானிக்கிடம் போனான். அவர் முதலில் செய்தது ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் ஒவ்வொரு சுழலியின் மூன்று முகங்களிலும் அழுத்தம் அளந்தது. அழுத்தம் சரியாக இருந்தது. பிறகு வயர்களின் மின்தடையை அளந்தார். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, வெடித்த உறையினூடாக நீலப் பொறி கசிவதைக் காட்டினார். கொயில்கள் நான்கும் களைத்திருந்தன. கொயில், வயர், பிளக் அனைத்தும் மாற்றப்பட்டன. வினையூக்கி மாற்றியைக் காப்பாற்ற முடியவில்லை. அழுத்தம் அளக்காமல் எஞ்சினுக்கு மரணச் சான்றிதழ் எழுதுபவரிடம் காரை விடுவது என் பார்வையில் சரியல்ல.

எங்களூர் அரத்தாள் வைத்தியம் இங்கே உதவாது. இந்தப் பிளக்குகளின் இரிடியம் நுனி ஊசிபோல மெல்லியது. உரசினால் கெடும், மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் ஆறிய பின்னரே கழற்றவேண்டும், ஏனெனில் கூடு அலுமினியம். வயரை இழுக்காமல் அதன் தொப்பியைப் பிடித்து இழுக்கவேண்டும். முன்னோடியும் பின்தொடர்வதும் ஒரே பிளக் அல்ல. வெப்பத் தரம் வேறு. நான்கு வயர்களிலும் கழற்றுமுன்பே வெள்ளை நாடா ஒட்டி அடையாளம் எழுதிவைக்கும்படி அந்த மெக்கானிக் சொல்லியிருக்கிறார். மருமகன் கூடுதலாகத் தேதியையும் எழுதியிருக்கிறான்.